ஒரே எஃகு, ஒரே லேசர்: பற்று மட்டும் ஏன் வேறு?

ஆசிரியர்களே, மாணவர்களே, வெப்பம் பற்றிய பாடம் முடிந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

304 தரத் துருவேறா எஃகில் இரண்டு தகடுகள். ஒரே லேசர், ஒரே திறன், ஒரே வேகம். ஒன்றில் பற்று ஆழமாக இறங்குகிறது. மற்றொன்றில் அகலமாகப் பரவி மேலோடு நின்றுவிடுகிறது. மேலே பார்த்தால் இரண்டும் நேர்த்திதான். ஆனால் இரண்டாவதில் அடிப்பகுதி ஒட்டவே இல்லை. பாரம் ஏறினால் பிளந்துவிடும். காரணம் என்ன?

பலரும் “வெப்பக் கடத்தல்” என்று எழுதிவிட்டுப் போயிடுவாங்க. அது பாதி விடைதான்.

கடத்தல் சொல்லும் பாதி

எஃகின் மேல் விழும் லேசர் ஒளியில் ஒரு பகுதி எதிரொளித்துப் போகிறது, மீதி வெப்பமாகிறது. படிவம் 4 இயற்பியலில் படித்த தன்வெப்பக் கொள்ளளவும் உள்ளுறை வெப்பமும் இங்கே வேலை செய்கின்றன. எஃகு சுமார் 1,400 பாகை செல்சியஸ் வரை சூடாக வேண்டும். பிறகு உருக, கிலோவுக்கு மேலும் ஏறத்தாழ 250 கிலோஜூல் வேண்டும்.

நகரும் வெப்ப மூலத்தைச் சுற்றி வெப்பநிலை எப்படி அமையும் என்பதற்கு, 1940களில் டேனியல் ரோசென்தால் ஒரு கணிதத் தீர்வைத் தந்தார். அதில் கடத்தல் மட்டுமே உண்டு. உருகிய உலோகம் ஓடுவது கணக்கில் இல்லை. அதனால் நம் இரு தகடுகளுக்கும் அது ஒரே விடையைத்தான் தரும்.

குட்டை சும்மா இருப்பதில்லை

லேசர் படும் இடத்தில் உருகிய உலோகம் ஒரு சிறு குட்டையாகத் தேங்குகிறது. அதன் நடுப்பகுதி மிகச் சூடு. ஓரம் அவ்வளவு இல்லை. தூய உலோகத்தில் சூடு ஏற ஏறப் பரப்பு இழுவிசை குறையும். ஆகவே இழுவிசை கூடிய ஓரம், நடுவில் உள்ள திரவத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. வெப்பமும் கூடவே ஓரத்துக்குப் போகிறது. குட்டை அகலமாகிறது, ஆழம் குறைகிறது. இதுவே மராங்கோனி விளைவு.

கொஞ்சம் கந்தகம் கலந்திருந்தால் கதை மாறும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரை, சூடு ஏற ஏறப் பரப்பு இழுவிசையும் ஏறும். ஓட்டம் ஓரத்திலிருந்து நடுவுக்குத் திரும்பி, அங்கே கீழே இறங்குகிறது. பற்று ஆழமாகிறது. வில் பற்றவைப்பை ஆராய்ந்த ஹைப்பிள், ரோப்பர் இருவரும் 1980களின் தொடக்கத்தில் இதை விளக்கினார்கள்.

304 தர எஃகில் கந்தகம் 0.03 விழுக்காடு வரை இருக்கலாம். 0.002 விழுக்காடு உள்ள தகடும் 0.015 விழுக்காடு உள்ள தகடும் ஒரே தரம்தான். வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஓட்டம் முக்கியமா? கணக்கு போடுங்க

குட்டையின் அளவு 0.0005 மீட்டர், திரவத்தின் வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கி, உருகிய எஃகின் வெப்பப் பரவுமையால் வகுக்க வேண்டும். அது வினாடிக்குச் சுமார் 0.000005 சதுர மீட்டர். விடை 50. இதற்குப் பெக்லே எண் என்று பெயர். ஒன்றைவிட மிகப் பெரிதாக இருந்தால், குட்டைக்குள் வெப்பத்தைச் சுமப்பது கடத்தல் அல்ல, ஓட்டம்.

அதனால்தான் இன்றைய கணினி மாதிரிகள் குட்டையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், ஆற்றல் மூன்றின் அழியாமையையும் சேர்த்தே தீர்க்கின்றன. கந்தகத்தின் பங்கு, பரப்பு இழுவிசை–வெப்பநிலை வரைபடத்தின் சரிவாக உள்ளே வருகிறது. சரிவு எதிர்மறை என்றால் ஓட்டம் வெளியே. நேர்மறை என்றால் உள்ளே. அவ்வளவுதான்.

வகுப்பில் செய்ய

தட்டில் நீர் ஊற்றி மிளகுத்தூள் தூவுங்கள். நடுவில் ஒரு சொட்டுச் சவர்க்காரம் விடுங்கள். தூள் சட்டென்று ஓரத்துக்கு ஓடும். சவர்க்காரம் நடுவில் செய்வதைத்தான் தூய உலோகத்தில் சூடு செய்கிறது.

தேர்வில் கவனம்

ஆவித்துளை உண்டாகாத குறைந்த திறனடர்த்தியில் செய்வதைக் “கடத்தல் முறைப் பற்றவைப்பு” என்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். திண்மப் பகுதியில் கடத்தல். உருகிய குட்டையில் பெரும்பாலும் ஓட்டம். விடையில் இரண்டையும் எழுதுங்கள். ஓட்டத்தின் திசையையும் அதற்கான காரணத்தையும் சேர்த்தால்தான் விளக்கம் முழுமையாகும்.