எங்கள் வீட்டுத் தெலுங்கும் நைனா கொண்டு வந்த அரபும்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, டிரான்ஸ்ஃபார்மர் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை நம்ம சார்கள் வகுப்பில் எழுதிப் போட்டாயிற்று. எனவே எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். தலைப்பைப் பார்த்து, "எலக்ட்ரிக்கல் பொண்ணுக்கு அரபு எதுக்கு?" என்று சிரிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். வீட்டில் பேசுவது தெலுங்கு. ஆனால் தெலுங்கு எழுத்து எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவ்வாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எண்கள் தெரியும், கையெழுத்துப் போடுவார். 2016-இல் சவூதிக்கு ஹெல்பர் வேலைக்குப் போனார். மாதம் 700 ரியால் என்று ஏஜெண்டு வாயால் சொன்னது. அங்கே கையெழுத்து வாங்கிய காகிதம் முழுக்க அரபு. அதில் நம்ம 7 மாதிரி ஒரு எண்ணும், பக்கத்தில் இரண்டு புள்ளியும் இருந்ததை நைனா பார்த்துவிட்டு, சரி என்று போட்டுவிட்டார். அரபில் புள்ளிதான் பூஜ்யம் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. கைக்கு வந்தது 600. காகிதத்தைக் காட்டி ஏழு விரலை நீட்டியிருக்கிறார், சிரித்தார்களாம். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தபோது அந்தக் காகிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாகக் கொண்டு வந்தார். "இதுல ஏழு இருக்கு, குடுக்கலை" என்பதுதான் எங்கள் வீட்டில் அரபு பற்றித் தெரிந்த ஒரே செய்தி.

முதல் வருடம் ஹாஸ்டலில் என் அறைத்தோழி மதரஸாவில் குர்ஆன் ஓதிப் பழகியவள். அவளிடம் காகிதத்தைக் கொடுத்தேன். எழுத்துக்கள் எல்லாம் தெரிந்தும் தடுமாறினாள். ஏன் என்று கேட்டபோதுதான் இந்த இரண்டு மொழிக்கும் உள்ள முதல் பெரிய வித்தியாசம் எனக்குப் புரிந்தது.

தெலுங்கில் உயிரொலியை விட்டுவிட்டு எழுதவே முடியாது. நம்ம தமிழ் மாதிரியே மெய்யோடு உயிருக்கான குறி ஒட்டிக்கொண்டே வரும். அரபில் 28 எழுத்து. வலமிருந்து இடம். சேர்த்துத்தான் எழுத வேண்டும். சொல்லின் முதலில் ஒரு உருவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. அ, இ, உ என்ற மூன்று குறில் ஒலிகளுக்கு மேலும் கீழும் சின்னக் கோடுகள் உண்டு. குர்ஆனில் அவை இருக்கும். செய்தித்தாளிலும் கடைப் பலகையிலும் ஒப்பந்தக் காகிதத்திலும் இருக்காது. படிக்கிறவர் தானே போட்டுக்கொள்ள வேண்டும், அதாவது மொழி முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். என் தோழிக்கு ஓதத் தெரியும், மொழி தெரியாது. எனக்கு மொழி தெரியும், தெலுங்கு எழுத்துத் தெரியாது. இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

அவள் தட்டுத்தடுமாறிப் படித்த ஒரு சொல் "ராதிப்". "இது எங்க ஊர்ல ராத்தீபுன்னு ஓதுறது ஆச்சே, கம்பெனி காகிதத்துல எதுக்கு?" என்றாள். அவளுடைய உஸ்தாத்திடம் கேட்டு வந்து சொன்னாள்: ராதிப் என்றால் சம்பளம். ர-த-ப் என்ற மூன்று மெய்தான் வேர். ஒழுங்காக, நிலையாக இருப்பது என்ற கருத்து அதில் உண்டு. தவறாமல் ஓதுவதும் ராதிப், தவறாமல் வர வேண்டிய சம்பளமும் ராதிப். தர்தீப் என்றால் வரிசை. ருத்பா என்றால் பதவிப்படி.

அரபின் அடிப்படையே இதுதான். மூன்று மெய்யெழுத்து வேர். அதை ஒரு அச்சில் ஊற்றுவார்கள். க-த-ப் என்பது எழுதுவது பற்றிய வேர். கதப எழுதினான், காதிப் எழுதுபவன், கிதாப் புத்தகம், மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம். வேரைத் தெரியாமல் பல அரபு அகராதிகளில் ஒரு சொல்லைக் கூடத் தேட முடியாது; மக்தப் 'ம'வில் இருக்காது, 'க'வில்தான் இருக்கும்.

நம்ம ஃபிட்டிங் ஷாப்புக்கே வாருங்கள். கருவிகளுக்கு 'மி' என்று தொடங்கும் அச்சு ஒன்று உண்டு. அறுக்கும் ரம்பம் மின்ஷார். ராவும் அரம் மிப்ரத். துளை போடும் டிரில் மித்கப். அடிக்கும் சுத்தியல் மித்ரகா. பூட்டைத் திறக்கும் சாவி மிஃப்தாஹ். தெலுங்கில் ரம்பம் ரம்பம்தான், சுத்தியல் சுத்தி, அரம் ஆகுராயி. ஒவ்வொன்றும் தனிச்சொல், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடியாது.

தெலுங்கின் கெட்டிக்காரத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. அரபு வார்ப்பு வேலை என்றால் தெலுங்கு போல்ட் போட்டு மாட்டும் வேலை. வேர் அப்படியே இருக்கும், பின்னால் பெட்டி பெட்டியாக மாட்டிக்கொண்டே போகலாம். 'சேயிஞ்சுகோலேகபோயானு' என்பது ஒரே சொல். செய், செய்விக்க, எனக்காக, முடியாமல், போய்விட்டேன் – அவ்வளவும் அதில் இருக்கிறது. நைனா காகித விஷயத்தைச் சொல்லும்போதெல்லாம் இதே மாதிரிச் சொல்லில்தான் முடிப்பார்.

பிறமொழிச் சொல் வந்தால் இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். அதனால் பஸ் 'பஸ்ஸு', ரோட் 'ரோட்டு'. பன்மைக்கு 'லு' மாட்டினால் போதும்: பஸ்ஸுலு, பேங்க்குலு. அரபோ ஆங்கிலச் சொல்லைக் கூட உருக்கி அச்சில் ஊற்றிவிடுகிறது. ஃபிலிம் என்பதற்குப் பன்மை அஃப்லாம். பேங்க் என்பதற்கு புனூக். அரபில் ப ஒலியின் வல்லினம் கிடையாது, அதனால் பெப்ஸி கூட முதலெழுத்தை அழுத்தி 'bus'-இல் வருகிற ஒலியோடுதான் வரும். தெலுங்கில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்தே உண்டு; தமிழில் எழுதும் எனக்குத்தான் இங்கே கஷ்டம்!

இனி எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம். தெலுங்கில் தம்பி வந்தால் 'வச்சாடு'. நான் வந்தாலும் ஆடு வந்தாலும் 'வச்சிந்தி'. ஒருமையில் ஆண் ஒரு பக்கம், பெண்ணும் மற்றதெல்லாமும் ஒரு பக்கம். பன்மையில் மட்டும் மனிதர் எல்லோரும் ஒன்றாக 'வச்சாரு', ஆடுகள் 'வச்சாயி'. தமிழில் படித்து வளர்ந்த எனக்கு இது சின்ன வயதிலேயே உறுத்தியது. அவ்வாவிடம் சண்டை கூடப் போட்டிருக்கிறேன். அரபில் வினையிலேயே ஆண், பெண் தனித்தனி. 'நீ' என்பதற்குக் கூட அன்த, அன்தி என்று இரண்டு. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் பார்த்தால், மனிதரல்லாத பொருள்கள் பல சேர்ந்தால் அவற்றை ஒரு பெண்ணாகப் பாவித்து வினை போடுவார்களாம். புத்தகங்கள் 'வந்தாள்' என்கிற மாதிரி. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகள் – ஒன்று நம் திராவிடக் குடும்பம், மற்றது எபிரேயத்தின் குடும்பம் – இந்த விஷயத்தில் மட்டும் எப்படியோ கிட்டே வருகின்றன.

உறவில்லை என்றாலும் சொற்கள் வந்திருக்கின்றன. 1518 முதல் 1687 வரை கோல்கொண்டாவை குதுப் ஷாஹிகள் ஆண்டார்கள், பிறகு ஹைதராபாத் நிஜாம்கள். அரசு வேலை பாரசீகத்திலும் உருதுவிலும் நடந்தது. அதன் வழியாக அரபுச் சொற்கள் தெலுங்கில் இறங்கின. தாரீகு, ஜவாபு, வகீலு, கைதீ, ஹாஜரு எல்லாம் அப்படித்தான். தமிழில் வக்கீல், ஆஜர், பாக்கி, வசூல், அசல், நகல் என்று நாம் தினம் பேசுவதும் அதே சரக்கு. நைனாவின் காகிதம் நகல், அசல் கம்பெனியிடம்.

அந்த எண்ணுக்கு வருகிறேன். அரபு எழுத்து வலமிருந்து ஓடினாலும் எண்ணை நம்மைப் போலவே இடமிருந்து படிக்கலாம். அவர்கள் 5 வட்டமாக இருக்கும். 7 ஆங்கில 'வி' மாதிரி, 8 அதைக் கவிழ்த்த மாதிரி. நம்ம 7 மாதிரி இருப்பது அவர்களுடைய 6. தோழி இதைச் சொன்னதும் நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. மாதம் 100 வீதம் மூன்று வருடத்துக்கு 3,600 ரியால். காகிதம் ஏமாற்றவில்லை, வாய்தான் ஏமாற்றியிருக்கிறது.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒரு தாளில் அரபு எண்கள் பத்தையும் வரிசையாக எழுதிக் காட்டினேன். நைனா ஆறின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு "போனீலே" என்றார். போகட்டும் விடு என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம தெலுங்குல ஆறு எப்படி எழுதுவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இப்போது தெலுங்கு பாலபாடம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உயிர்க்குறிகள் வரை வந்தாயிற்று, கூட்டெழுத்துத்தான் கொஞ்சம் படுத்துகிறது.