சிட்லிங்கி: ஒற்றை பல்பும் முப்பத்தைந்து படுக்கைகளும்

கம்பைநல்லூரில் இன்று ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுத்தால் வீட்டில் யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில்லை. 108-க்குப் போன் போடுகிறார்கள். ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே முடியாது என்றால் ஒரு பக்கம் அரூர் அரசு மருத்துவமனை, மறுபக்கம் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்தக் கல்லூரியும் 108 வண்டியும் எங்கள் பக்கம் வந்தது 2008-ஆம் ஆண்டில்தான். இருபது வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவை இல்லாத காலத்தை மறந்தே போனோம்.

தருமபுரி மாவட்டத்தின் மருத்துவக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அரசுக் கட்டடங்களை எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. அரூரைத் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கும் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில்தான் மீதிக் கதை இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் மருத்துவர் என்று ஒருவர் கிடையாது. மலையாளி என்று அழைக்கப்படும் மலைவாழ் மக்களும், தண்டாக்களில் குடியிருக்கும் லம்பாடி மக்களுமாகப் பத்தாயிரம் பேர் அளவில் வாழ்ந்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் 48 கிலோமீட்டர் தள்ளி அரூர். வயிற்றைக் கிழிக்க வேண்டிய பிரசவம் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பஸ்ஸோ எப்போதாவதுதான் வரும். பாம்பு கடித்தவனுக்கும், நஞ்சுக்கொடி இறங்காத தாய்க்கும், வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கும் அந்தத் தூரம்தான் எமன். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அப்போது தமிழ்நாட்டின் சராசரி அறுபதுக்கும் கீழே. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு. மலை அடிவாரத்தைத் தாண்டினால் இரண்டு மடங்குக்கும் மேல் சாவு.

அங்கேதான் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற இரு மருத்துவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்து, காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்த தம்பதி. ரெஜி மயக்கவியல், லலிதா மகப்பேறு. மருத்துவம் எட்டாத ஊர் எது என்று நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு சிட்லிங்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1993-இல் ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த நூறு சதுர அடிக் குடிசை ஒன்று. அதில் நூறு வாட் பல்பு ஒன்று. வெளிநோயாளிப் பிரிவு, சிகிச்சை அறை, வார்டு எல்லாமே அந்த ஒரு பல்பு வெளிச்சத்துக்குள் அடங்கின. மூன்று வருடம் அப்படியே ஓடியது. பிறகு பத்துப் படுக்கை வந்தது.

இன்று முப்பத்தைந்து படுக்கைகள். அறுவை அரங்கு, பிரசவ அறை, பச்சிளங் குழந்தைகளுக்குத் தனி அறை, ஆய்வகம், எக்ஸ்ரே, ஸ்கேன், பல் மருத்துவம் எல்லாம் உண்டு. குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு இருபதையொட்டி இறங்கிவிட்டது.

ஆனால் படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்து இந்த வளர்ச்சியை அளந்தால் விஷயம் கைநழுவிவிடும். அங்கே வேலை செய்கிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மிகப் பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தாக்கின் மக்களே. வெளியூர் நர்சுகள் காட்டுக்குள் தங்க வரமாட்டார்கள் என்பது முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்ட உண்மை. அதனால் ஊரிலிருந்த பெண் பிள்ளைகளையே உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, ரத்தம் சோதிப்பது, அறுவை அரங்கில் கத்தரி எடுத்துக் கொடுப்பது என்று படிப்படியாக அவர்கள் தேறினார்கள். கூடவே ஒவ்வொரு ஊரும் தனக்குள்ளிருந்து ஒரு நடுவயதுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. பிள்ளை பெற்று வளர்த்தவள், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவள். அவள் பயிற்சி முடித்துத் திரும்பி, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள்.

இந்தப் பெண்கள் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அதன் மதிப்பு புரியும். கர்ப்பிணியின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்நிறத்தைப் பார்ப்பது. வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. கணுக்காலை அழுத்திப் பார்ப்பது. குழி விழுந்து மேலே வராமல் நின்றால் நீர் கோத்திருக்கிறது, ரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும். குழந்தையைத் தராசுத் தொட்டிலில் போட்டு, போன மாத எடையோடு ஒப்பிடுவது. இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் மாதா மாதம், ஒரு வீடு விடாமல் செய்ய வேண்டும். மாமியாரிடம் “அக்கா, இவளுக்கு இந்த மாசம் காட்டு வேலை வேண்டாம்” என்று சொல்லும் உரிமை வேண்டும். வெளியூர் டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். ஊர்க்காரி சொன்னால் கேட்பார்கள்.

பத்தாண்டு முடிந்தபோது, இனி என்ன செய்யலாம் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். ஸ்கேன் மிஷின் வேண்டும், இன்னொரு டாக்டர் வேண்டும் என்று பதில் வந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். மக்கள் சொன்னதோ வேறு. விவசாயம் கட்டுப்படியாகவில்லை, உரத்துக்கும் மருந்துக்கும் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது, ஆம்பிளையும் பொம்பிளையும் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போகிறார்கள் என்றார்கள். ஊரில் மிஞ்சுவது கிழவர்களும் குழந்தைகளும். தாய் வேலைக்குப் போன வீட்டில் கைக்குழந்தைக்கு யார் சோறு ஊட்டுவது? அந்தக் குழந்தை எடை குறைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தால் சத்து மாவு கொடுக்கலாம், ஆனால் அந்தத் தாயை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவர மருந்துக் கடையில் எதுவும் இல்லை.

அதனால் ஓர் ஆஸ்பத்திரி விவசாயத்தில் இறங்கியது. சிட்லிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் நாலு பேரோடு தொடங்கி நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பரவியது. சாமையும் ராகியும் மஞ்சளும் ரசாயன உரமின்றி விளைந்து சங்கத்தின் மூலமே விற்பனைக்குப் போகின்றன. லம்பாடித் தண்டாக்களில் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்த பூத்தையலை மூத்த பெண்கள் இருவர் நினைவிலிருந்து மீட்டெடுத்தார்கள். ‘போர்கை’ என்ற பெயரில் அந்தப் பெண்களின் அமைப்பு இன்று துணிகளை நகரங்களுக்கு அனுப்புகிறது. இதெல்லாம் மருத்துவமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வீட்டில் வருமானம் இருந்து தாய் ஊரிலேயே இருந்தால் குழந்தையின் எடை ஏறுகிறது. இதைவிட நேரான மருத்துவம் எனக்குத் தெரியாது.

அரசும் சும்மா இருக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இப்போது 18,000 ரூபாய். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. தண்ணீரில் ஃபுளோரைடு கலந்து பல்லில் கறையும் முட்டியில் வலியுமாக அவதிப்பட்ட எங்கள் மாவட்டத்துக்கு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. எந்த மாத்திரையாலும் ஆகாத வேலை அது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இப்போது ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. பிள்ளைகள் பெங்களூரில் சித்தாள் வேலை பார்க்க, தனியாகக் கிடக்கும் கிழவிக்கு அந்த மாத்திரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்கள் பக்கத்து எந்தத் தெருவில் கேட்டாலும் தெரியும். குறையும் இருக்கிறது. பென்னாகரம் பக்கத்து மலை ஊர்களிலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் செய்தி இன்னும் நின்றபாடில்லை.

பெரிய ஓட்டை ஒன்று இன்னும் அடைபடாமல் இருக்கிறது. அது ஊரைவிட்டுப் போகிறவர்கள் விஷயம். கர்ப்பத்தைப் பதிவு செய்தது கம்பைநல்லூரில், ஐந்தாம் மாதம் கட்டட வேலைக்குப் போனது பெங்களூருக்கு, பிரசவம் எங்கேயோ, குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எங்கும் இல்லை. இங்கே கிராம செவிலியரின் பதிவேட்டில் ‘ஊரில் இல்லை’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். அங்கே தகரக் கொட்டகையில் அவள் யார் கணக்கிலும் இல்லை. இரு மாநிலங்களும் இந்தப் பெண்களின் பட்டியலை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ள வேண்டும். புறப்படும் பெண்ணின் பெயரும் போகும் இடமும் இங்கிருந்து அங்கே போய்ச் சேர வேண்டும். சிட்லிங்கி செய்ததுபோல, போகிற தொழிலாளர்களுக்குள்ளேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதுவரை இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இது. உங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் பெங்களூருக்கு மூட்டை கட்டினால், தாய்-சேய் நல அட்டையையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த ஆர்.சி.எச். எண்ணைப் போனில் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தடுப்பூசி நாட்டின் எந்த அரசு சுகாதார நிலையத்திலும் இலவசம். பெங்களூரில் பல வார்டுகளில் ‘நம்ம கிளினிக்’ இருக்கிறது, அங்கே காசு கேட்கமாட்டார்கள். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஊர் நர்சம்மாவிடம் போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.