அமெரிக்காவில் அரசு வேலைக்குத் தேர்வு வந்த கதை

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் ஆட்சி மாறினால் அரசு அலுவலகமே மாறிவிடும். புதிய கட்சி வந்ததும் பழைய தபால்காரர், சுங்க எழுத்தர், கணக்கர் எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஜெயித்தவர்களுக்காகத் தேர்தல் வேலை பார்த்தவர்கள் அந்த நாற்காலிகளில் உட்காருவார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. வென்றவனுக்கே வேலை என்பது ஊரறிந்த நியாயமாக இருந்தது.

வேலை சும்மா கிடைக்காது. ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் வேலை நிலைக்காது. நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பகுதியை வசூலித்த நியூயார்க் சுங்க அலுவலகம் இதனால் குடியரசுக் கட்சிக்குப் பணமும் ஆளும் தரும் சுரங்கமாக இருந்தது. 1871 முதல் அதன் தலைவராக இருந்தவர் செஸ்டர் ஆர்தர். 1878இல் அதிபர் ஹேய்ஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்.

ரயில் பாதைகளும் ஆலைகளும் பெருகப் பெருக, தபாலும் சுங்கமும் பெரும் நிர்வாகங்களாயின. கணக்குத் தெரியாத கட்சிக்காரரை வைத்துக்கொண்டு அவற்றை ஓட்டமுடியாது என்று சீர்திருத்தக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அவர்கள் பேச்சு சட்டமாக ஒரு கொலை தேவைப்பட்டது.

சார்லஸ் கிட்டோ என்பவர் 1880 அதிபர் தேர்தலில் ஜேம்ஸ் கார்ஃபீல்டுக்கு ஆதரவாக ஓர் உரை எழுதியிருந்தார். தம்மால்தான் அவர் ஜெயித்தார் என்று நம்பி, பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் நடையாய் நடந்தார். இனி அந்தப் பேச்சையே எடுக்காதே என்று வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் விரட்டிவிட்டார். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கிட்டோ அதிபரைச் சுட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். துணை அதிபராக இருந்து அடுத்து அதிபரானவர் அதே செஸ்டர் ஆர்தர்.

கொலையால் மக்கள் கொதித்தார்கள். 1882 நாடாளுமன்றத் தேர்தலில் குடியரசுக் கட்சி பலத்த அடி வாங்கியது. அடுத்த அதிபர் தேர்தலிலும் தோற்றால் தங்கள் ஆட்களின் வேலை போய்விடுமே என்ற கவலையும் அந்தக் கட்சிக்கு வந்தது. ஓஹையோவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டன் கொண்டுவந்த மசோதா நிறைவேறியது. 1883 ஜனவரி 16 அன்று ஆர்தர் அதில் கையெழுத்திட்டார். பெண்டில்டனுக்குச் சொந்தக் கட்சியே மறுபடி செனட்டுக்குப் போக வாய்ப்புத் தரவில்லை.

சட்டம் சொன்னது இவ்வளவுதான்: குறிப்பிட்ட வேலைகளுக்குப் போட்டித் தேர்வு, கட்சிக்குப் பணம் கட்டவில்லை என்று யாரையும் நீக்கக்கூடாது, அரசு அலுவலகத்துக்குள் கட்சி வசூல் கூடாது. மிதமிஞ்சிக் குடிப்பவருக்கு வேலை இல்லை. ஒரே குடும்பத்தில் இருவர் ஏற்கெனவே பணியில் இருந்தால் மூன்றாமவருக்கும் இல்லை. தேர்வில் கையெழுத்து, கணக்கு, கடிதம் எழுதுதல், நாட்டின் புவியியல் போன்ற அன்றாட வேலைக்கு உதவுபவற்றையே கேட்டார்கள்.

தொடக்கத்தில் பத்தில் ஒரு வேலைக்குத்தான் இந்தத் தேர்வு. அந்தப் பங்கு வளர்ந்ததற்குக் காரணம் தலைவர்களின் பெருந்தன்மை அல்ல. 1884 முதல் 1896 வரை நடந்த நான்கு அதிபர் தேர்தல்களிலும் ஆட்சி கட்சி மாறியது. போகிற அதிபர், தாம் நியமித்தவர்களை வருகிறவர் கலைக்காமலிருக்க, அவர்களின் வேலைகளைத் தேர்வு வரம்புக்குள் சேர்த்துவிட்டுப் போனார். 1901 வாக்கில் ஐந்தில் இரண்டு பங்கு வேலைகள் அந்த வரம்புக்குள் வந்திருந்தன.

ஊழியரிடம் வசூல் சுருங்கியதும் கட்சிகள் வேறு பணப்பையைத் தேடின. 1896இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கின்லியின் பிரசாரத்தை நடத்திய மார்க் ஹன்னா, வங்கிகளிடம் அவற்றின் மூலதனத்தில் கால் சதவீதம் கேட்டார். பெருநிறுவனங்களும் தாராளமாகக் கொடுத்தன. அதைத் தடுக்க 1907இல் டில்மன் சட்டம் என்று இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

தேர்வு முறையால் கறுப்பினத்தவர் பலருக்கும் வாஷிங்டன் அலுவலகங்களில் வேலை கிடைத்தது. ஆனால் அதிபர் உட்ரோ வில்சன் ஆட்சியில் துறைகளுக்குள் இனப் பிரிவினை நுழைந்தது. 1914இல் விண்ணப்பத்தோடு புகைப்படமும் கேட்டார்கள். மதிப்பெண் எதுவானாலும் தோலின் நிறம் தேர்ந்தெடுப்பவர் கண்ணில் பட்டுவிடும். 1940இல்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

ஆகவே ஒரு சீர்திருத்தச் சட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது, அது எந்தக் கதவை அடைத்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கதவில் தடுக்கப்பட்டவர்கள் அடுத்து எந்த வழியாகப் போனார்கள் என்பதையும் தேடிப் படியுங்கள்.