யூனிக்ஸின் பாத்தியதை

திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பம் நெசவுத் தொழிலால் பெயர்பெற்ற ஊர். அவ்வூரில் ஒருவர் தம் தறியைப் பிறருக்குக் கிரயஞ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தறியும் அச்சும் நாடாவும் வாங்கினவரைச் சேரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தறியில் நெய்துவந்த சேலைக்கரையின் மாதிரி யாரைச் சேரும்? பத்திரத்தில் அது தெளிவாக எழுதப்படாவிடின் வழக்கு வந்தே தீரும். ஏறக்குறைய இத்தகையதொரு வழக்கே, யூனிக்ஸ் என்னும் கணிப்பொறி இயங்குதளத்தின் பொருட்டு அமெரிக்க நியாயஸ்தலங்களில் பல்லாண்டு நடந்தது.

இயங்குதளமாவது, கணிப்பொறியின் உறுப்புக்களை ஏவி, பலர் இடும் வேலைகளை முறைப்படுத்தும் ஆணைத்தொகுதி. யூனிக்ஸை 1969-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் ஆக்கினர். 1973-இல் அதனைச் சி மொழியில் திருப்பி எழுதினமையால், ஒரு பொறிக்கென்று அமைந்தது பல பொறிகளுக்கும் பெயர்த்துக்கொண்டு போகத் தக்கதாயிற்று. அக்கூடத்தை உடைய ஏ.டி. அண்டு டி. கம்பெனியார், தொலைபேசியல்லாத வியாபாரத்தில் இறங்கலாகாதென்று 1956-இல் சர்க்காருடன் செய்த உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டிருந்தனர். ஆதலின் மூலநிரலைச் சர்வகலாசாலைகளுக்குச் சொற்பக் கட்டணத்துக்கே தந்தனர். 1984-இல் அக்கம்பெனி பிளவுண்டு தடை நீங்கவே, யூனிக்ஸ் விலைச்சரக்காயிற்று.

நம் நாட்டு வங்கிகளைக் கணிப்பொறி மயமாக்கும்படி ரங்கராஜன் குழுவினர் அறிக்கை தந்ததும் அவ்வாண்டிலேயே. பின்னர்க் கிளைகள் பலவற்றில் சாண்டா குரூஸ் கம்பெனியாரின் யூனிக்ஸ் இடம்பெற்றது. ஒரே பொறியோடு பல முனையங்களைப் பிணைத்து வேலைசெய்யலாம் என்பதே அதன் கவர்ச்சி. கிளையில் அமர்ந்து வட்டி கணக்கிட்ட குமாஸ்தாவுக்கு அதன் உரிமை கைமாறியது தெரிய நியாயமில்லை.

கைமாற்றமோ விரைவாக நடந்தது. 1993-இல் நோவெல் கம்பெனியார் யூனிக்ஸை வாங்கினர். யூனிக்ஸ் என்ற பெயர் பிறகு எக்ஸ்-ஓபன் என்னும் சங்கத்தைச் சேர்ந்தது. 1995-இல் நோவெல், தன் யூனிக்ஸ் வியாபாரத்தைச் சாண்டா குரூஸுக்கு விற்றது. முழுக்கிரயமும் கொடுக்கச் சாண்டா குரூஸிடம் பணமில்லை. ஆகவே, பழைய உரிமக்காரரிடம் வரும் தொகையை வசூலித்து நோவெலுக்கு அனுப்பிவிட்டு, 100-க்கு 5 வீதம் கூலி பெறுவதென ஏற்பாடாயிற்று. பதிப்புரிமை விற்பனையில் சேராதென்றும் பத்திரம் கூறிற்று. 1996-இல் எழுதிய திருத்தமோ, வாங்கினவர் தம் உரிமையைச் செலுத்துதற்கு வேண்டிய பதிப்புரிமையை விலக்கிற்கு விலக்காக்கியது. எவ்வளவு வேண்டும் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. சட்டம் பயில்வோர் இவ்விரு பத்திரங்களையும் அருகருகே வைத்து வாசித்தல் நன்று.

2001-இல் அவ்வியாபாரம் கால்டெரா கம்பெனியை அடைந்தது. மறு ஆண்டு அது எஸ்.ஸி.ஓ. குரூப் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2003 மார்ச்சில் அக்கம்பெனியார், யூனிக்ஸ் நிரலை லினக்ஸில் புகுத்தினரென்று ஐ.பி.எம். மீது 100 கோடி டாலர் கோரி வழக்கிட்டனர். சுமார் 1,500 கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதமும் சென்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கி உலகோர் கூடி வளர்த்த ஒன்றை உபயோகித்த குற்றத்துக்கு இக்கடிதமா என்று பலர் திகைத்தனர். நம் மாகாணத்தில் எல்காட் ஸ்தாபனம் சர்க்கார் காரியங்களுக்கு லினக்ஸை மேற்கொண்டதும், சென்னையில் ஸி-டாக் நிலையத்தார் பாஸ் லினக்ஸை 2007-இல் வெளியிட்டதும் இவ்வழக்கு நிலுவையில் இருந்த காலத்திலேயே. அவர்கள் அஞ்சி நின்றுவிடாதது நமக்கு மகிழ்ச்சியே.

பதிப்புரிமை தன்னுடையதே என்று நோவெல் எதிர்த்து நின்றது. 2007 ஆகஸ்டில் யூட்டா நீதிபதி நோவெலுக்கே தீர்ப்பளித்தார். அடுத்த மாதம் எஸ்.ஸி.ஓ. திவால் மனுச் செய்தது. மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வரவே, 2010 மார்ச்சில் ஜூரியாரும் அவ்வாறே மொழிந்தனர். ஐ.பி.எம். வழக்கோ 2021-இல்தான் சமரசமாயிற்று.

இன்று, தறி ஜைனுவோஸ் என்னும் கம்பெனியினிடம் உள்ளது. பெயர் ஓபன் குரூப் சங்கத்தினிடம் உள்ளது. மாதிரியை வைத்திருந்த நோவெலும் 2011 முதல் மும்முறை கைமாறி, 2023-இல் கனடா நாட்டு ஓபன்டெக்ஸ்ட் கம்பெனியில் அடங்கிற்று.