தோற்கத் தயாரான முதலாளி

1962-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் பர்கர் பிரான்சைஸ் கடை நடத்திய லூ குரோனுக்கு வெள்ளிக்கிழமை வந்தாலே வியாபாரம் படுத்துவிடும். சுற்றிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அன்று அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள். மீன் வைத்த பன் ஒன்றைச் செய்து தலைமையிடம் கொண்டுபோனார். அதை முதலாளி ரே க்ராக் ரசிக்கவில்லை. இறைச்சிக்குப் பதில் அன்னாசித் துண்டு வைத்த தன் சொந்தச் சரக்கை அவர் நம்பினார். கடைசியில், இரண்டையும் புனித வெள்ளியன்று விற்றுப் பார்ப்பது என்று பந்தயம். மீன் 350 போனது, அன்னாசி 6.

எல்லாக் கடையும் அச்சடித்ததுபோல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் க்ராக். ஆனாலும் தோற்றதும் மீனை மெனுவில் ஏற்றினார். பின்னால் வந்த 'பிக் மேக்' பர்கரும் பிட்ஸ்பர்க் பக்கத்துக் கடைக்காரர் ஜிம் டெலிகாட்டியின் யோசனைதான். சமையல் யோசனை க்ராக்குடையது அல்ல. அதைச் சோதிக்க இடம் கொடுத்தது அவர். தலைமை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

நம்மூரில் ஆர்.ஜி.சந்திரமோகன் வேறு வழியில் போனார். 1970-ல் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸில் தொடங்கியவர். சென்னையில் பெரிய பிராண்டுகளோடு மல்லுக்கட்டுவதை விட்டு, அவை எட்டிப்பார்க்காத சிற்றூர்களில் தன் அருண் ஐஸ்கிரீமுக்கென்றே தனிக் கடைகளைத் திறக்கவைத்தார். இங்கே புதுமை ஐஸ்கிரீமில் இல்லை, ஊரைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. பிறகு அவரது ஹட்சன் நிறுவனம் பால், தயிர் என்று விரிந்தது.

இன்று புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை மாதிரி ஊரிலும், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் "ஒரு பிரான்சைஸ் எடுக்கலாமா?" என்ற பேச்சு எழுகிறது. டீக்கடை, சிக்கன் கடை, கூரியர், எதுவானாலும் பெயர்ப் பலகையும் சரக்கும் விலையும் மேலிருந்து வரும். புரட்டாசியில் எத்தனை வீட்டில் கறி எடுக்கமாட்டார்கள், கோயில் திருவிழாவுக்கு எந்த நேரத்தில் கூட்டம் கூடும், அறுவடைக்கு முன் யாருக்குக் கடன் கொடுக்க வேண்டிவரும் என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். சென்னை அலுவலகம் புரட்டாசியிலும் அதே சிக்கன் டார்கெட்டை அனுப்பினால் நஷ்டம் உங்கள் தலையில்தான். ருசியையும் சுத்தத்தையும் கடைக்கொரு விதமாக மாற்றவிட்டால் பிராண்டே கெடும் என்பது மறுபக்க நியாயம். அதனால்தான் கடைக்காரர் யோசனையைச் சோதித்துப் பார்க்க ஒரு வழிமுறை வேண்டும்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் கட்டணத்தையும் லாபச் சதவீதத்தையும் மட்டும் கேட்காதீர்கள். "கடைக்காரர் சொல்லி நீங்கள் மாற்றியது என்ன?" என்றும் நிறுவனத்திடம் கேளுங்கள். ஒன்றைக்கூடச் சொல்ல முடியாத நிறுவனத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.