குறுந்தோட்டிக்கும் வாதமோ?

மூட்டுவலிக்கு எல்லைக் கிராமங்கள் நம்பும் வேர் எந்தச் செடியுடையது என்பதிலேயே குழப்பம்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. இன்னும் கொஞ்ச தூரத்தில் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை இங்கே விழுந்தபோது, பழைய திருவிதாங்கூரின் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாகப் பேசும் குடும்பங்கள் இன்னும் உண்டு. எல்லை எங்கே இருந்தாலும், முட்டி வலித்தால் இவர்கள் தேடுவது குறுந்தோட்டியை.

மழை கொட்டும் கர்க்கடகத்தில் (நமது ஆடி) உழிச்சில், பிழிச்சில் என்று வைத்தியசாலைகளில் கூட்டம் சேரும். குறுந்தோட்டி வேரைக் கஷாயமாகக் குடிப்பார்கள், எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பார்கள். வாதத்துக்கு மருந்தான செடிக்கே வாதம் வந்தால்? கைகொடுக்க வேண்டியவனே விழுந்துவிடும்போது மலையாளிகள் கேட்பது இதைத்தான்: 'குறுந்தோட்டிக்கும் வாதமோ?'

இந்த வேரிலிருந்து வரும் புகழ்பெற்ற மருந்து க்ஷீரபலா தைலம். நல்லெண்ணெயோடு பால், வேரின் கஷாயம், அரைத்த விழுது எல்லாம் சேர்த்து, நீர் வற்றும்வரை காய்ச்சி வடிப்பது ஒரு ஆவர்த்தி. வடித்த எண்ணெயிலேயே புதுப் பால், புது வேர் சேர்த்து மறுபடி காய்ச்ச வேண்டும். இப்படி 101 தடவை. கடைகளில் சின்னஞ்சிறு புட்டியில் 'க்ஷீரபலா 101' என்று விற்பது இதுதான். சொட்டுக் கணக்கில் உள்ளுக்கும் கொடுப்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சும் எண்ணெயில் போடும் வேர் எது என்பதில்தான் சிக்கல். வடமொழி நூல்களில் இதன் பெயர் 'பலா'. வலிமை தருவது என்று பொருள். (பலாப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இந்திய அரசின் ஆயுர்வேத மருந்து நூல் இதை சைடா கார்டிஃபோலியா என்கிறது: இதய வடிவ இலை, தொட்டால் வெல்வெட் போன்ற ரோமம். கேரள வைத்தியர்களின் குறுந்தோட்டியோ சைடா ரோம்பிஃபோலியா வகையைச் சேர்ந்த, சிறிய இலை கொண்ட வேறு செடி. சிவராஜனும் இந்திரா பாலச்சந்திரனும் 1994-ல் வெளியிட்ட ஆயுர்வேத மூலிகைகள் பற்றிய நூல் இந்த வேறுபாட்டை விளக்கியது. இங்கிருந்து தமிழ்நாட்டுக்குள் போனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. குறுந்தோட்டிக்குச் சிற்றாமுட்டி என்று எளிதாக மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சித்த மருத்துவத்தின் சிற்றாமுட்டி பவோனியா இனம். சைடாவே அல்ல.

பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாட்டு மருந்துச் சந்தையில் சைடா கார்டிஃபோலியா என்று விற்ற 25 மாதிரிகளை டி.என்.ஏ. முறையில் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றுகூட அது அல்ல. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேறு சைடாக்கள். அதிலும் அதிகம் இருந்தது சைடா அக்யூட்டா. வெட்டுக் காயத்துக்குக் கிராமங்களில் கசக்கி வைக்கும் அரிவாள்மனைப் பூண்டு. மீதி துத்தி உள்ளிட்ட வேறு இனச் செடிகள்.

விஞ்ஞானம் இந்தச் செடியை ஒதுக்கிவிடவில்லை. பிரேசில் ஆய்வாளர்கள் 2000-ல் சைடா கார்டிஃபோலியாவின் சாறு எலிகளின் பாத வீக்கத்தைக் குறைப்பதைக் கண்டார்கள். ஆனால் அவர்கள் எடுத்தது இலை, நம்மவர்கள் காய்ச்சுவது வேர். எலியின் பாதம் அறுபது வயது முழங்கால் ஆகிவிடாது. இதே செடியில் எஃபிட்ரின் என்ற ரசாயனம் இருப்பதும் பதிவாகியிருக்கிறது. அது இதயத் துடிப்பை முடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். எஃபிட்ரின் வகை ரசாயனங்கள் உள்ள துணை உணவுகளை அமெரிக்கா 2004-ல் தடை செய்தது. ரத்த அழுத்தக்காரர் உள்ளுக்குச் சாப்பிடும் கஷாயத்தில் எந்த சைடா இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வேரை எடுத்தால் செடி போயிற்று. விதை விழுமுன் பிடுங்கினால் அடுத்த ஆண்டுக்கும் இல்லை. தட்டுப்பாடு வந்தால் பக்கத்தில் நிற்கும் ஏதோ ஒரு மஞ்சள் பூச் செடி சாக்கில் ஏறுகிறது. இலையும் பூவுமாகப் பச்சையாக இருக்கும்போது பாறசாலைப் பாட்டிகள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். துண்டு துண்டாக நறுக்கிக் காயவைத்த பிறகு அவர்களும் கையை விரிக்க வேண்டியதுதான்.