சீட்டும் கிடைக்கணும், ஃபீஸும் கட்ட முடியணும்!



பிளஸ் டூ படிக்கிறோம் என்று சொன்னாலே, "எவ்வளவு மார்க் வரும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "வீட்டுல வருஷத்துக்கு எவ்வளவு கட்ட முடியும்?" என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்க வெட்கப்படுகிறோம். ஆனால் ரிசல்ட் வந்த மறுநாள் இந்த இரண்டு கேள்வியும் சேர்ந்து வந்து நிற்கும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது. யாரோ ஒரு உறவினர் சொல்வார், ஏதோ ஒரு கல்லூரிப் பஸ் ஊருக்குள் வரும், அதில் ஏறிவிடுவோம்.

'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பார்கள். அதற்காக ஆசையே படக்கூடாது என்று அர்த்தம் இல்லை. ஆசைக்கும் கைக்காசுக்கும் நடுவில் ஒரு பட்டியல் போட வேண்டும் என்றுதான் அர்த்தம். அந்தப் பட்டியலை எப்படிப் போடுவது என்று பார்ப்போம்.

1. மூன்று வரிசை போடுங்கள்

ஒரு நோட்டில் மூன்று தலைப்பு எழுதுங்கள்: கனவு, பொருத்தம், உறுதி.

கனவு: நம் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற கல்லூரி. கிடைத்தால் அதிர்ஷ்டம்.
பொருத்தம்: போன வருஷம் நம் மார்க்குக்குக் கிடைத்த கல்லூரி.
உறுதி: எது நடந்தாலும் கிடைக்கும், நாமும் மனசார போய்ப் படிப்போம் என்கிற கல்லூரி.

இதைப் பலரும் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பரீட்சை வைக்க வேண்டும். ஒன்று மார்க், இன்னொன்று காசு. இரண்டிலும் பாஸ் ஆனால்தான் அது 'உறுதி'.

சில தனியார் கல்லூரிகளில் எந்த மார்க்குக்கும் சீட் இருக்கும். மார்க்கில் அது உறுதி, காசில் அது கனவு! அதை உறுதி வரிசையில் எழுதினால் ஏமாந்து போவோம். அதேபோல் பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரி காசில் உறுதி. ஆனால் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்றவற்றுக்குப் போட்டி அதிகம் என்பதால் மார்க்கில் உறுதி இல்லை. எனவே அங்கே ஒரே ஒரு பாடத்தை நம்பாமல், பிடித்த இரண்டு மூன்று பாடங்களைக் குறித்து வையுங்கள்.

2. முதல் வருஷ ஃபீஸ் மட்டும் பார்க்காதீர்கள்

முதல் வருஷத்துக்கு நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாம். இரண்டாம் வருஷம்? மூன்றாம் வருஷம்? படிப்பைப் பாதியில் விடுகிறவர்களில் பலருக்குப் பாடம் கஷ்டமாக இருந்ததில்லை, பணம்தான் கஷ்டமாக இருந்திருக்கிறது. பாதியில் விட்டால் கட்டிய பணமும் போச்சு, வருஷமும் போச்சு, கடன் மட்டும் மிச்சம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தனியார் பொறியியல் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டுச் சீட்டுக்கு 2017-இல் கட்டணக் குழு வருஷத்துக்கு 50,000 ரூபாய் என்றும், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்றும் நிர்ணயித்தது. அந்த 55,000-ஐயே வைத்துக்கொள்வோம். நான்கு வருஷத்துக்கு 2,20,000. காலேஜ் பஸ் வருஷத்துக்கு 20,000 என்றால் 80,000. பரீட்சை ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, சீருடை என்று வருஷத்துக்கு 10,000 என்றால் 40,000. மொத்தம் 3,40,000 ரூபாய். 48 மாதத்துக்கு வகுத்தால் மாசம் ஏழாயிரத்துக்கு மேல் வருகிறது. இந்தத் தொகையை வீட்டு வருமானத்தின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். யாரும் சொல்லாமலே விஷயம் புரிந்துவிடும்.

அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்ற சிறு கட்டணங்கள் மட்டும்தான். அரசுப் பேருந்தில் பாஸும் உண்டு. மிச்சமாகும் பணத்தை டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் வகுப்பு, போட்டித் தேர்வுப் புத்தகம் என்று செலவழிக்கலாம்.

3. கலந்தாய்வுப் பட்டியலில் ஒரு சூட்சுமம்

பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணிதம் 82, இயற்பியல் 76, வேதியியல் 80 என்றால் 82 + 38 + 40 = 160.

இந்த 160-ஐ வைத்துக்கொண்டு, முந்தைய இரண்டு மூன்று வருஷங்களில் நம் வகுப்புப் பிரிவில் எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எதில் முடிந்தது என்று பாருங்கள். கலந்தாய்வு இணையதளத்திலேயே இந்த விவரம் இருக்கிறது. ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டருக்கு ஒரு கட்-ஆஃப், சிவிலுக்கு வேறு கட்-ஆஃப் இருக்கும். ரேங்க் வந்ததும் ரேங்கையும் ஒப்பிடுங்கள். கேள்வித்தாள் சுலபமாக இருந்த வருஷத்தில் 160 எடுத்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், ரேங்க் பின்னால் போய்விடும்.

இனி வரிசை. கம்ப்யூட்டர் நம் பட்டியலில் முதல் பெயரைப் பார்க்கும். அது முன்னால் இருப்பவர்களால் நிரம்பியிருந்தால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஆகவே கனவுக் கல்லூரியை மேலே போடுவதால் நஷ்டமே இல்லை. கிண்டி பொறியியல் கல்லூரி வேண்டுமா, முதலில் போடுங்கள். கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிகளையும் மேலேயே வையுங்கள். அங்கே கட்டணம் குறைவு.

நஷ்டம் இரண்டு இடத்தில் வரும். ஒன்று, நாலைந்து பெயரோடு நிறுத்திவிடுவது. எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படலாம். இரண்டு, 'சும்மா இருக்கட்டும்' என்று கட்ட முடியாத கல்லூரியை நடுவில் சேர்ப்பது. அது ஒதுக்கப்பட்டுவிட்டால், அதற்குக் கீழே எழுதியிருந்த நல்ல, மலிவான கல்லூரி நமக்கு வராது! எழுதும் ஒவ்வொரு பெயரிடமும், "நீ கிடைத்தால் நான் சேருவேனா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அடித்துவிடுங்கள்.

4. நமக்குள்ள உரிமைகள்

* ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் படிப்பு, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.
* குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கலந்தாய்வு வழியாக வர வேண்டும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை போய்விடும்.
* மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. இந்த ஆண்டு விதிமுறையை வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கியில் கேட்கலாம். ஆனால் படிக்கும்போதே வட்டி ஓட ஆரம்பித்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

உதவித்தொகை சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டும்.

5. விண்ணப்பத்துக்கும் ஒரு பட்ஜெட்

2025-இல் பொறியியல் கலந்தாய்வுப் பதிவு 500 ரூபாய் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 250). அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஐந்து கல்லூரி சேர்த்து 50 ரூபாய். அதே வருஷம் நீட் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 1,700, பிற்படுத்தப்பட்டோருக்கு 1,600, பட்டியல் இனத்தவருக்கு 1,000. சில தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத்தேர்வுக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும். பரீட்சை எழுதி பாஸ் ஆனாலும் ஃபீஸ் கட்ட முடியாத இடத்துக்கு ஏன் ஆயிரம் ரூபாய்? முதலில் கலந்தாய்வும் அரசு கலைக் கல்லூரியும். பிறகு பக்கத்தில் உள்ள ஒன்றிரண்டு அரசு உதவி பெறும் கல்லூரி. மீதி இருந்தால் மற்றவை.

பொறியியல் போட்டவர்களும் கலைக் கல்லூரிக்குப் போட்டு வையுங்கள். அந்த 50 ரூபாய்தான் பல பேருக்கு ஒரு வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

6. இப்போதே செய்ய வேண்டியவை

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பிறகு கூட்டம் தாங்காது. எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி ஆதாரை இணையுங்கள்.

"இன்னிக்கே அட்வான்ஸ் கட்டுங்க, நாளைக்கு சீட் இருக்காது" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் கட்டாதீர்கள். அசல் சான்றிதழையும் கொடுத்துவிடாதீர்கள். அசலைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2018-இல் சொல்லியிருக்கிறது.

முடிவாக ஒன்று. இந்த வாரம் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா அம்மாவோடு உட்காருங்கள். "நம்மால வருஷத்துக்கு எவ்வளவு முடியும்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் அவமானம் இல்லை. அவர்கள் சொல்லும் தொகையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதற்குக் கீழே பட்டியலைத் தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் நோட்டோடு வாருங்கள், சேர்ந்தே போடுவோம்.

— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு